குட்டிக் குரங்கின் தாடை

பிறந்து சில மாதங்களே ஆன நாட்டுக் குரங்குக் குட்டியின் மண்டையோட்டையும், அதே இனத்தில் முழு வளர்ச்சி பெற்ற ஆணின் மண்டையோட்டையும் ஒரே மேசையில் அடுத்தடுத்து வைத்தால், எலும்பு பார்த்துப் பழகாத கண்ணுக்கு அவை இரண்டு வேறு விலங்குகளாகவே தோன்றும். குட்டியின் தலை உருண்டு திரண்டு, நெற்றி மேலெழும்பி, அகன்ற கண்குழிகளுக்குக் கீழே முகம் ஒடுங்கிக் கிடக்கும். ஆணின் தலையிலோ முகவாய் முன்னோக்கி நீண்டு, புருவமேடு தடித்து, கன்ன எலும்பின் வளைவு பக்கவாட்டில் விரிந்து, மேல்தாடையின் கோரைப்பற்கள் கூர்மையாக இறங்கியிருக்கும். மண்டையோடு என்று ஒரே பெயரால் சுட்டப்படும் உறுப்பின் இரண்டு பகுதிகள் இரண்டு வேறு காலக்கணக்கில் வளர்வதே இதற்குக் காரணம். மூளையைச் சூழ்ந்த எலும்புகளாலான மூளைப்பெட்டி, உள்ளே பெருக்கும் மூளைக்கு இடங்கொடுத்தபடி விரைந்து வளர்ந்து விரைவிலேயே நின்றுவிடுகிறது. தாடைகளும் முகமும் பற்களின் வரவையும் மெல்லும் தசைகளின் வலுவையும் எதிர்பார்த்துப் பல ஆண்டுகள் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. நாட்டுக் குரங்கின் உறவினமான ரீசஸ் குரங்கின் குட்டி பிறக்கும்போதே அதன் மூளை, வளர்ந்த குரங்கின் மூளையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. மனிதக் குழந்தைக்கு அது கால் பங்கைச் சற்றே தாண்டிய அளவுதான்.

இந்த உண்மையைக் கட்டுரையாளர் நூல்களில் படித்தது பிற்பாடுதான். சென்னையின் புளியந்தோப்பில் பிறந்து வளர்ந்தவர் என்பதால், அந்த உண்மையின் முதல் பாதியை அவர் ஆட்டுத்தொட்டியிலேயே கற்றிருந்தார். மாநகராட்சியின் இறைச்சிக் கூடத்தை அப்பகுதி மக்கள் அந்தப் பெயரால்தான் அழைப்பார்கள். பின்னி மில் என்னும் துணி ஆலையின் சங்கு ஒலிக்கும் முன்பே விழித்துக்கொண்ட அந்தத் தெருக்களில், விடியற்காலையில் ஆட்டுத்தலைகள் வகைவாரியாகத் தரையில் அடுக்கப்படும். கட்டுரையாளரின் தந்தை அவற்றை வாங்கித் தலைக்கறிக் கடைகளுக்குப் போடுபவராக இருந்தமையால், பள்ளிக்குச் செல்வதற்கு முன் தலைகளைப் பிரித்து வைக்கும் வேலை மகனுக்கு வந்து சேர்ந்தது. குட்டியின் தலை எது, முற்றிய ஆட்டின் தலை எது என்று பிரிப்பதில் தவறினால் விலை தவறிவிடும். கொம்பின் நீளத்தை வைத்தோ தலையின் பருமனை வைத்தோ சிறுவர்கள் பிரிக்க முற்படும்போது, அங்கிருந்த மூத்த கசாப்புக்காரர் ஒருவர், எல்லோரும் பாய் என்று மட்டுமே அழைத்தவர், ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுவார்: “கொம்பப் பாத்து ஏமாறாத தம்பி, வாயத் தொறந்து பல்லப் பாரு.”

அவருடைய கட்டைவிரல் கீழுதட்டைக் கீழே தள்ளும் வேகத்தில் வயது தெரிந்துவிடும். ஆட்டுக்கு மேல்தாடையின் முன்பக்கத்தில் பற்கள் இல்லை. அங்கே தடித்த ஈறு மட்டுமே உண்டு. கீழ்த்தாடையின் முன்பக்கத்தில் எட்டுப் பற்கள் நிற்கும். அவை அனைத்தும் சிறியனவாகவும் வெண்மையாகவும் நெருங்கியும் இருந்தால் பால்பல் குட்டி. நடுவில் உள்ள இரண்டு மட்டும் விழுந்து அகன்ற புதுப்பற்கள் முளைத்திருந்தால் அது ஓராண்டைத் தாண்டிய ‘ரெண்டு பல்லு’. அதன்பின் ஏறக்குறைய ஆண்டுக்கு ஓர் இணையாக ‘நாலு பல்லு’, ‘ஆறு பல்லு’ என்று ஏறி, எட்டும் மாறிவிட்டால் ‘கடை சேந்தது’. நன்றாகத் தீனி கிடைத்த குட்டி பெருத்திருக்கலாம். பஞ்சத்தில் வளர்ந்த கிழட்டாடு சிறுத்திருக்கலாம். பல் மட்டும் பெரும்பாலும் தன் முறையைப் பிறழ்வதில்லை என்பதை அங்கே கைநாட்டு வைப்பவர்களும் அறிந்திருந்தார்கள். பிரித்து அடுக்கிய தலைகளின் வரிசையை ஒரு பக்கமிருந்து பார்க்கும்போது, பால்பல் குட்டியிடம் கண்ணுக்கும் மூக்கு நுனிக்கும் இடையே உள்ள தூரம் குறைவாகவும், கடைசேர்ந்த ஆட்டிடம் அந்தத் தூரமே முகத்தின் பெரும்பகுதியாகவும் இருப்பதும், நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி அந்த அளவுக்கு மாறாமல் இருப்பதும் தெளிவாகத் தெரியும். விலங்கியலில் உடற்பகுதிகளின் ஒப்புவளர்ச்சி என்று பேசப்படுவது இதுவே என்பதை அந்தச் சிறுவனுக்கு அப்போது எவரும் சொல்லவில்லை. ஆயினும் கண் அதைப் பழகிக்கொண்டது.

குரங்கைக் கண்டது உயிர் காலேஜில். சென்ட்ரல் நிலையத்தை அடுத்து மூர் மார்க்கெட்டின் பக்கத்தில் இருந்த உயிரியல் பூங்காவைச் சென்னை மக்கள் அவ்வாறும், எழும்பூர் அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ் என்றும் வழங்கிவந்தனர். இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றே. அருங்காட்சியகத்தை 1851இல் அமைத்த எட்வர்ட் பால்ஃபர் என்னும் மருத்துவரே 1855இல் அதன் வளாகத்தில் விலங்குக் காட்சியையும் தொடங்கினார். அது பின்னர் பீப்பிள்ஸ் பார்க்குக்கும், 1985இல் வண்டலூருக்கும் இடம் மாறியது. புளியந்தோப்பிலிருந்து பேசின் பிரிட்ஜையும் யானைகவுனியையும் கடந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில் இருந்த அந்தக் கூண்டுகளின் முன்னால், ஆட்டுத்தொட்டியில் பழகிய கண் மற்றவர்கள் பார்க்காத ஒன்றைப் பார்த்தது. தாயின் வயிற்றைப் பற்றியிருந்த குட்டிக்கு முகம் கிட்டத்தட்ட தட்டையாக இருந்தது. கொட்டாவி விட்ட பெரிய ஆணின் வாய்க்குள், முகவாயின் நீளம் முழுவதையும் கோரைப்பற்களும் கடைவாய்ப்பற்களும் நிறைத்திருந்தன. முகம் நீளுவது பல்லுக்கு இடம் பண்ணத்தானோ என்ற கேள்வி அங்கே எழுந்தது. அதற்கான விடையைத் தேடியதே பின்னாளில் அவருடைய படிப்பின் திசையைத் தீர்மானித்தது எனலாம்.

முதுகலை விலங்கியல் படித்த கல்லூரியின் கண்ணாடி அலமாரி ஒன்றில் நாட்டுக் குரங்கின் மண்டையோடுகள் சிலவும் சாம்பல் மந்தியின் மண்டையோடுகள் சிலவும் இருந்தன. தலையுச்சியில் மயிர் வகிடெடுத்துச் சுற்றிலும் தொப்பி போல் படிந்திருக்கும் நாட்டுக் குரங்கு தென்னிந்தியாவுக்கே உரியது. கோயில் மலைகளிலும் சாலையோரங்களிலும் எவரும் காண்பது அதைத்தான். நீண்ட வாலும் கறுத்த முகமும் உடைய சாம்பல் மந்தி இலையையே பெரிதும் உண்டு வாழ்வது. முதுமலையிலும் முண்டந்துறையிலும் அதைக் காணலாம். வெர்னியர் அளவியால் அண்ணத்தின் நீளத்தையும், புருவமேட்டிலிருந்து பின்மண்டை வரையுள்ள நீளத்தையும் அளப்பது எளிது. மூளைப்பெட்டியின் கொள்ளளவை அறிவதற்குத்தான் பொறுமை வேண்டும். கண்குழியின் ஆழத்தில் உள்ள சிறு துளைகளைப் பஞ்சால் அடைத்து, தண்டுவடம் நுழையும் பெருந்துளையின் வழியே கடுகைச் சிறிது சிறிதாக ஊற்றி, விரலால் மண்டையோட்டைத் தட்டித் தட்டிக் கடுகை இறங்கவிட்டு, விளிம்புவரை நிறைந்த பின் அதை அளவுக் குடுவையில் கொட்டிப் பார்க்க வேண்டும். பால்பற்கள் மட்டுமே உள்ள குட்டியின் கடுகு, வளர்ந்த பெண்ணின் கடுகைவிடச் சிறிதளவே குறைந்திருந்தது. அண்ணத்தின் நீளமோ பாதியைத்தான் தாண்டியிருந்தது.

ஒப்பீடு என்று வரும்போது எதனை எதனோடு வைப்பது என்பதே முதல் சிக்கல். உருவ அளவு ஒத்திருக்கிறது என்பதற்காக ஓர் இளம் ஆணையும் முதிர்ந்த பெண்ணையும் ஒன்றாக வைத்தால், ஆணுக்கு முகம் இனிமேல்தான் நீளப்போகிறது என்பது கணக்கில் வராமல் போகும்; பிறந்து இத்தனை மாதம் என்று வைக்கலாம் என்றால், காட்டில் கிடைத்த எந்த மண்டையோட்டிலும் பிறந்த தேதி எழுதியிருப்பதில்லை. எனவே ஆட்டுத்தொட்டியின் முறையே ஆய்வகத்தின் முறையும் ஆகிறது. இந்தக் குரங்குகளுக்கும் மனிதரைப் போலவே பால்பற்கள் 20, நிலைத்த பற்கள் 32. தாடையின் ஒவ்வொரு பாதியிலும் இரண்டு வெட்டுப்பற்கள், ஒரு கோரைப்பல், இரண்டு முன்கடைவாய்ப்பற்கள், மூன்று பின்கடைவாய்ப்பற்கள் என்பது ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகள் அனைத்துக்கும் பொதுவான வரிசை. பால்பற்கள் மட்டும் உள்ள பருவம், முதல் பின்கடைவாய்ப்பல் முளைத்த பருவம், இரண்டாவது முளைத்த பருவம், மூன்றாவதும் முளைத்து வாய் நிறைந்த பருவம் என்று நான்காகப் பிரித்துக்கொண்டால், வேறுவேறு வேகத்தில் வளரும் இனங்களையும் ஒரே படியில் நிறுத்தி ஒப்பிடலாம். முதல் பின்கடைவாய்ப்பல் ரீசஸ் குரங்குக்கு ஏறத்தாழ 16 மாதத்தில் வருகிறது. மனிதக் குழந்தைக்கு 6 வயதில் வருகிறது. மூளை பெரிதாக உள்ள இனங்களில் அந்தப் பல் பிந்தி முளைக்கிறது என்பதை அமெரிக்க மானிடவியலாளர் ஹாலி ஸ்மித் 1989இல் பல இனங்களை ஒருங்கே வைத்துக் காட்டினார். பல்லும் மூளையும் தொடர்பற்றவை என்று எண்ணுபவர்களுக்கு இது வியப்பளிக்கும்; உயிர் தன் வளர்ச்சிக்காலம் முழுவதையும் ஒரே திட்டமாகப் பகிர்ந்துகொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றைக் கட்டுரையாளர் கண்டதில்லை.

மூன்று பின்கடைவாய்ப்பற்களுக்கு இடம் எங்கிருந்து வருகிறது? தாடை முன்முனையில் நீள்வதாகவே முதலில் தோன்றும். உண்மையில் கீழ்த்தாடை பின்பக்கத்தில்தான் வளர்கிறது. கீழ்த்தாடையின் கிடைப்பகுதியிலிருந்து காதை நோக்கி மேலே எழும் தகட்டுக்கு ஏறுகிளை என்று பெயர். அதன் பின்விளிம்பில் புதிய எலும்பு படிய, முன்விளிம்பில் பழைய எலும்பு கரைய, அந்தக் கிளை முழுவதுமே மெல்ல மெல்லப் பின்னோக்கி நகர்கிறது. முன்பு கிளையாக இருந்த இடம் பல் நிற்கும் இடமாக மாறுகிறது. இதைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கண்டறிந்தவர் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர். பற்களைப் பற்றிய அவருடைய நூல் 1771இல் வெளிவந்தது. அவருக்கு முன்பே ஜான் பெல்ச்சியர் என்னும் மருத்துவர், துணியில் அச்சடிக்கும் ஒருவர் வீட்டு விருந்தில் பன்றி எலும்பு சிவந்திருப்பதைக் கண்டு விசாரித்து, சாயத்துணியைத் துலக்கப் பயன்பட்ட தவிட்டை அந்தப் பன்றி தின்று வளர்ந்தது என்பதை அறிந்து, 1736இல் அதை அறிவியல் உலகுக்குத் தெரிவித்தார். மஞ்சிட்டி இனத்து வேரின் சிவப்புச் சாயம் புதிதாக உருவாகும் எலும்பில் மட்டுமே ஏறுவதால், விலங்குக்கு அதைச் சில காலம் ஊட்டி நிறுத்தினால் அந்தக் காலத்தில் வளர்ந்த எலும்பு சிவப்புக் கோடாக நின்றுவிடும். லண்டன் அச்சுக்காரர்கள் அன்று போலி செய்ய முயன்றது சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய பூந்துணிகளைத்தான். அந்தத் துணிகளுக்குச் சிவப்பூட்டிய சாயவேரிலும் அதே அலிசரின் என்னும் சாயப்பொருள் உண்டு. பின்னி மில்லின் நிழலில் வளர்ந்த ஒருவருக்கு, எலும்பு வளர்ச்சியைக் காட்டும் சான்று துணிச்சாயத்திலிருந்து வந்தது என்பது மறக்க முடியாத செய்தியாக அமைந்தது.

ஆண் பெண் வேறுபாடும் இதே கணக்கில் அடங்குவதே. நாட்டுக் குரங்கில் ஆண், பெண்ணைவிட ஒன்றரை மடங்கு அளவுக்கு எடை மிக்கது; பால்பல் பருவத்தில் இருவரின் மண்டையோட்டையும் பிரித்தறிவது கடினம். பெண்ணின் வளர்ச்சி முன்னதாக நிற்க, ஆண் மேலும் சில ஆண்டுகள் வளர்ந்து, அதன் மேல் கோரைப்பல் நீண்ட வேரோடு மேல்தாடைக்குள் ஆழமாக ஊன்றிக்கொள்கிறது. முகவாயின் இருபுறமும் விரலுக்குத் தட்டுப்படும் மேடு அந்த வேரின் மேடே. அந்தப் பல்லின் பின்விளிம்பு கீழ்த்தாடையின் முதல் முன்கடைவாய்ப்பல்லின் சரிந்த முகத்தில் ஒவ்வொரு கடிக்கும் உராய்ந்து தீட்டப்படுகிறது. முதிர்ந்த ஆணின் மண்டையோட்டைக் கையில் எடுத்துத் தாடையை மூடித் திறந்தால், இரண்டு பற்களும் ஒன்றையொன்று உரசிச் செல்லும் மெல்லிய ஒலி கேட்கும்.

அளவுகளை வரைபடத்தில் இடுவதற்கு உதவியது ஜூலியன் ஹக்ஸ்லி 1932இல் வெளியிட்ட நூலின் முறை. உடலின் ஒரு பகுதி முழு உடலைவிட விரைவாக வளர்ந்தால், இரண்டின் அளவுகளையும் மடக்கைத் தாளில் குறிக்கும்போது புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் விழும். அந்தக் கோட்டின் சாய்வு ஒன்றுக்கு மேல் இருக்குமானால் அந்தப் பகுதி விலங்கு பெரிதாகப் பெரிதாகத் தன் பங்கையும் கூட்டிக்கொள்கிறது என்று பொருள். பபூன் குரங்கின் முகம் மூளைப்பெட்டியை மிஞ்சி வளர்வதை சாலி சக்கர்மன் 1926இல் அளந்து வைத்திருந்தார். ஹக்ஸ்லிக்கு அது தகுந்த எடுத்துக்காட்டாயிற்று. நாட்டுக் குரங்கின் புள்ளிகளும் அத்தகைய கோட்டிலேயே விழுந்தன. சாம்பல் மந்தியின் புள்ளிகளோ தமக்கென ஒரு தனிக் கோட்டில், தாழ்வாக நின்றன. மந்தியின் முகம் குட்டையானது. ஆனால் அதன் கீழ்த்தாடை உயரமானது, கண்குழிகளுக்கிடையே உள்ள எலும்பு அகலமானது, கடைவாய்ப்பற்களின் முகடுகள் இலையை நறுக்கும்படி உயர்ந்தவை. நாட்டுக் குரங்கு கிடைத்ததைக் கன்னப்பைக்குள் திணித்துக்கொண்டு ஓடிப்போய்ப் பின்னர் தின்பது. மந்திக்குக் கன்னப்பை இல்லை, அதற்குப் பதில் இலையைப் புளிக்கவைக்கும் பல அறை இரைப்பை உண்டு. அலமாரியில் இருந்த மந்திக் குட்டியின் தாடை, அதன் வாயில் பால்பற்கள் மட்டுமே இருந்தபோதிலும், அதே பருவத்து நாட்டுக் குரங்கின் தாடையைவிட உயரமாக இருந்ததே அந்த ஒப்பீட்டில் கட்டுரையாளரை அதிகம் சிந்திக்கவைத்தது: இனத்தின் வேறுபாடு வளர்ச்சியின் முடிவில் வந்து சேர்வதன்று, அதன் பெரும்பங்கு தொடக்கத்திலேயே இடப்பட்டுவிடுகிறது. ஆப்பிரிக்காவின் பபூனும் மாண்டிரில்லும் ஒன்றையொன்று ஒத்த நீள்முகம் உடையவை என்றாலும், மரபணுச் சான்றின்படி அவற்றின் நெருங்கிய உறவினர் வேறுவேறு குறுமுகக் குரங்குகளே என்று பிற்காலத்தில் தெரியவந்தபோது, வளர்ந்த முகத்தை மட்டும் பார்த்து உறவு சொல்வது எவ்வளவு ஆபத்து என்பதும் உறுதியாயிற்று.

வயது தெரிந்த எலும்புகளுக்கான ஏக்கம் எலும்பு பார்ப்பவர் அனைவருக்கும் உண்டு. அந்த ஏக்கத்தைத் தீர்த்த தொகுப்பு ஒன்று இந்தியக் குரங்குகளாலேயே உருவானது. 1938இல் கிளாரன்ஸ் ரே கார்ப்பென்டர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இந்தியாவில் பிடித்த ரீசஸ் குரங்குகளைக் கப்பலில் கொண்டுசென்று, அவற்றில் 409ஐப் போர்ட்டோ ரிக்கோவின் கரையை ஒட்டிய காயோ சாந்தியாகோ என்னும் சிறு தீவில் விட்டார். அங்கே ஒவ்வொரு குரங்கின் பிறப்பும் தாயும் பதிவு செய்யப்பட்டு, இறந்தபின் எலும்புகள் பாதுகாக்கப்பட்டதால், பிறந்த நாள் தெரிந்த மண்டையோடுகளின் வரிசை ஒன்று உலகுக்குக் கிடைத்தது. குரங்கு முகத்தின் வளர்ச்சி பற்றிய எத்தனையோ ஆய்வுகள் அதை நம்பியே நிற்கின்றன. அதன்பின் மருத்துவ ஆய்வுக்கென்று இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு லட்சத்துக்கும் மேற்பட்ட குரங்குகள் ஏற்றுமதியான நாள்களும் இருந்தன. 1978இல் அரசு அதைத் தடை செய்தது. தடை சரியே. அறிவு பெருகியது உண்மை என்றாலும், அதற்காகக் கூண்டில் சென்ற உயிர்களின் கணக்கையும் அந்த அறிவோடு சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது கட்டுரையாளரின் உறுதியான கருத்து.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தபின் காட்டு விலங்கின் எலும்பை விரும்பியபடி சேர்த்துவைக்க எவருக்கும் உரிமையில்லை, அது நல்லதே. ஆசிரியப் பணியில் சேர்ந்த கட்டுரையாளர், மாணவர்களுக்கு வளர்ச்சி வரிசையைக் காட்ட மீண்டும் ஆட்டுத்தொட்டிக்கே சென்றார். பால்பல் முதல் கடைசேர்ந்தது வரை பருவத்துக்கொன்றாகத் தலைகளை வாங்கி, தசையை நீக்கி, மிதமான சூட்டில் வேகவைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் துலக்க வேண்டும். குட்டியின் தலையைக் கொதிக்கவிட்டால் காரியம் கெட்டுவிடும். எலும்புகள் சேரும் பொருத்துக்கோடுகள் இன்னும் இறுகாதவை ஆதலால் மண்டையோடு துண்டு துண்டாகப் பிரிந்து, ஈறுக்குள் ஒளிந்திருக்கும் முளைக்காத பற்கள் பானையின் அடியில் கிடக்கும். அவ்வாறு பிரிந்த ஒன்றும் வகுப்புக்குப் பயன்பட்டது: தாடையின் சுவரைச் சிறிது நீக்கிப் பார்த்தால், பால்பல்லின் கீழே நிலைத்த பல் தன் முறைக்குக் காத்திருப்பதை மாணவர் கண்ணால் காணலாம். பிறகு அதே மாணவரிடம் பழைய அலமாரியின் குரங்கு மண்டையோடுகளைக் கொடுத்தால், ஒருவரும் அளவைப் பார்த்து வயது சொல்லுவதில்லை. நேரே வாயைத்தான் பார்ப்பார்கள்.

மென்மையான உணவு தாடையைச் சுருக்குமா என்பது இன்று இத்துறையில் உயிருள்ள கேள்வி. அமெரிக்க மானிடவியலாளர் ராபர்ட் கொருசினியும் அவருடைய குழுவினரும் 1980களில் அணில்குரங்குக் குட்டிகளுக்கு மெத்தென்ற உணவை மட்டும் கொடுத்து வளர்த்தபோது, அவற்றின் பல்வரிசை ஒழுங்கு குலைந்தது. வட இந்தியாவின் கிராமத்து, நகரத்து மக்களின் பல்வரிசைகளையும் கொருசினி இந்திய ஆய்வாளர்களோடு சேர்ந்து ஒப்பிட்டார். தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கான களம் கண்ணெதிரே இருக்கிறது. சோளிங்கர் மலைப்படிகளில் பக்தர்கள் தரும் வாழைப்பழத்தையும் ரொட்டியையும் தின்று வளரும் நாட்டுக் குரங்கும், காட்டில் விதையையும் பட்டையையும் கடித்து வளரும் நாட்டுக் குரங்கும் ஒரே இனம். இயற்கையாக இறந்தவற்றின் மண்டையோடுகளை வனத்துறையின் அனுமதியோடு சேர்த்து, இடமும் பாலினமும் குறித்து, பல் பருவத்தின்படி அடுக்கி, அண்ணத்தின் அகலத்தையும் கீழ்த்தாடையின் உயரத்தையும் அளந்தால் போதும். முதல் பின்கடைவாய்ப்பல் முளைக்கும் முன்பே இரண்டு கூட்டத்துக்கும் வேறுபாடு தெரிகிறதா, அல்லது உணவை மெல்லத் தொடங்கிய பின்னரே தாடைகள் பிரிந்து செல்கின்றனவா என்பதை அந்த அளவுகள் சொல்லிவிடும்.